அளவுக் கம்பத்தைக் கண்டு திரும்பிய ஆறு

“உன் வீட்டுக்குள்ள வந்திருக்கிறது பட்டணத்து ஜலமா, நாட்டுப்புறத்து ஜலமா?”

தேசம்மாவை ஒரு பெரிய உத்தியோகஸ்தர் ஒருமுறை இப்படிக் கேட்டார். கேட்டவர் மேட்டில், சேவகன் பிடித்த குடைக்குக் கீழே நின்றிருந்தார். தேசம்மா முழங்கால் தண்ணீரில், தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை அல்ல என்று நினைக்கிறவள் அவள். ஆகவே குனிந்து தண்ணீரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். தண்ணீர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

“தெரியலீங்க எசமான். அது வரும்போது நான் மீன் விக்கப் போயிருந்தேன்” என்றாள்.

விஷயம் இந்தக் கேள்வி வரைக்கும் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அடையாறு கடலில் விழும் இடத்தில் ஒரு குப்பம். தேசம்மாவின் வீடு அதிலும் பள்ளத்தில் இருந்தது. மண்சுவர், ஓலைக் கூரை. புருஷன் போன பிறகு அவளே மண் குழைத்து எழுப்பிய சுவர். ஒரு நாள் தண்ணீர் நின்றால் ஊறும், இரண்டு நாள் நின்றால் உட்கார்ந்துவிடும்.

ஒவ்வொரு வருஷமும் கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். மழைக்காலத்தில் ஆறு அதன் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது குப்பத்து ஆண்கள் மண்வெட்டியோடு போய், கடல் வற்றுகிற நேரம் பார்த்து மணல் திட்டின் குறுக்கே ஒரு வாய்க்கால் கீறிவிடுவார்கள். மிச்சத்தை ஆறே பார்த்துக்கொள்ளும். ஒரு பொழுதுக்குள் வெள்ளம் கடலுக்குப் போய்விடும். இதை அவர்கள் வேலை என்றுகூட நினைத்ததில்லை. ‘வாய் வெட்டுவது’ என்பார்கள், அவ்வளவுதான்.

அந்த வருஷக் கோடையில் சர்க்காரின் நதிமட்ட மழையளவு இலாகா குப்பத்துக்கு வந்தது. தேசம்மா வீட்டுக்கு எதிரே கரையில் வெள்ளை வர்ணம் அடித்த ஓர் அளவுக் கம்பத்தை நட்டது. அதில் அடிக்கணக்கு எழுதி, மேலே ஓரிடத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். அது அபாயக் கோடு. அபாயம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று இலாகா பல மாதம் ஆராய்ந்தது. கரையோரத்துப் பங்களா ஒன்றில் ஒரு வக்கீலின் ரோஜாத் தோட்டம் இருந்தது. அபாயம் அதன் முதல் பாத்தியில் ஆரம்பிக்கிறது என்று முடிவாயிற்று. தேசம்மா வீட்டுக் கூரை அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. எனவே அவள் வீடு முழுகினால் அது ஆற்றின் இயல்பான நிலை.

இலாகாவின் தலைவர் ராவ் பகதூர் ரகுபதி கம்பத்துக்குச் சந்தனம் வைத்துப் பேசினார். “இந்த நதியை இனிமேல் நாங்கள் கவனிப்போம். கவனிக்கப்படும் நதியில் யாரும் கைவைக்கக் கூடாது. நீங்கள் மணலை வெட்டினால் தண்ணீர் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் அது எவ்வளவு ஏறியிருக்கும் என்று நாங்கள் எப்படி அறிவது?” என்றார். மண்வெட்டியோடு எந்த ஆணும் மணல் திட்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு கான்ஸ்டேபிளையும் போட்டார்கள்.

கம்பத்தைப் படிக்க அம்மாசி என்று, மார்பில் இலாகாவின் பித்தளை வில்லை மாட்டிய ஒரு சேவகன். காலை எட்டு மணிக்குக் கம்பத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததைச் சைக்கிளில் போய் மயிலாப்பூர் ஆபீசில் சொல்வான். மீதிப் பொழுது கம்பத்தில் மாடு உரசாமல் விரட்டுவான்.

ஐப்பசியில் மேற்கே இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை தேசம்மா மயிலாப்பூரில் மீன் விற்றுவிட்டு வந்தபோது வாசற்படி தண்ணீருக்குள் இருந்தது. அம்மாசி கம்பத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

“அம்மாசி அண்ணே, தண்ணி வூட்டுக்குள்ள பூந்துட்ச்சு. இன்னா பாத்துக்கினு கீறே?”

“அதான் என் வேலை. பாத்துக்கினு கீறேன்.”

“போய் ஆபீசுல சொல்லுய்யா!”

“எட்டு மணிக்குப் பாத்தேன், போய்ச் சொல்லிட்டு வந்தேன். எங்க இலாகாவுல ஒரு நாளுன்றது காலைல எட்டு மணியோட முடிஞ்சுபூடும். இப்ப வந்துக்கினு கீறது நாளைக்குத் தண்ணி. நாளைக்குத்தான் சொல்லணும்.”

“நாளைக்குத் தண்ணி இன்னிக்கே எதுக்குய்யா வருது?”

“அத்தைத் தண்ணியக் கேளு. என்னைக் கேட்டா?”

பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் இடுப்பில் அடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “இவன் கிட்ட இன்னாடி பேச்சு? கம்பத்துக்குக் கூடப் பொறந்தவன். ஆம்பளைங்க மண்வெட்டியத் தொட்டா போலீசு புடிக்குது. நீதான் மயிலாப்பூருல சந்துபொந்தெல்லாம் தெரிஞ்சவ. ஆபீசுக்குப் போய் வாய் வெட்ட உத்தரவு வாங்கினு வா. சொவரு ஊறறதுக்குள்ள வா.”

தேசம்மா கூடையைக் கவிழ்த்துத் தலைக்குப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

மயிலாப்பூர் ஆபீஸ் பட்டணப் பிரிவு. பட்டணத்துக்குள் பெய்யும் மழையெல்லாம் தலைமைக் குமாஸ்தா பஞ்சாட்சரத்தின் பொறுப்பு. தேசம்மா சொட்டச் சொட்டப் போய் நின்றாள்.

“வெள்ளமா?” என்று பஞ்சாட்சரம் ஆச்சரியப்பட்டார். “மயிலாப்பூர்ல நேத்து மழை பூஜ்யம்மா. முந்தாநாளும் பூஜ்யம்.”

ஓட்டின்மேல் விழும் மழைச் சத்தத்தில் அது அவள் காதில் விழவில்லை. அவர் எழுந்து வந்து இன்னொரு தரம் உரக்கச் சொன்னார்.

“பூஜ்யம்!”

“இன்னா சாமி, இப்பக்கூடக் கொட்டுதே.”

“கொட்டலாம். அளந்தோமா?”

அந்தச் சமயம் ஒரு பியூன் மாடியிலிருந்து எதையோ துண்டில் சுற்றி, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தான். பஞ்சாட்சரம் அதை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்தார். மழை அளக்கும் பித்தளைச் செம்பு.

“சீமையிலிருந்து வந்தது. நனைஞ்சா கறுத்துடும். தூறல் விழுந்தவுடனே உள்ளே எடுத்துடணும்னு கண்டிப்பா சொல்லி வச்சிருக்கேன். நாலு வருஷமாச்சு, பாரேன், ஒரு கறை உண்டா?” என்றார். தேசம்மா பார்த்தாள். கறை இல்லை.

“ஆக, இங்கே மழை இல்லே. மழை இல்லாத ஊர்ல வெள்ளம் வந்தா அது வெளித் தண்ணி. தியாகராய நகர் போ, அங்கேதான் நாட்டுப்புறப் பிரிவு. சும்மா போனா கவனிக்க மாட்டாங்க. வீட்டுக்குள்ள இருக்கிற தண்ணியில ஒரு குடம் மொண்டு எடுத்துக்கிட்டுப் போ.”

தேசம்மா குப்பத்துக்குத் திரும்பி, தன் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு குடம் மொண்டுகொண்டு தியாகராய நகருக்கு நடந்தாள். வழியெல்லாம் மழை. ‘தண்ணி எடுக்கப் போறியா?’ என்று கேட்டவர்கள் உண்டு. ‘குடுக்கப் போறேன்’ என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தியாகராய நகர் முன்பு ஏரியாக இருந்தது. ஏரியை மூடி வீதிகள் போட்டு, பங்களாக்கள் எழும்பிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் இலாகாவின் வரைபடத்தில் அது இன்னும் ஏரிதான். ஏரி நாட்டுப்புறத்தைச் சேர்ந்தது என்பதால் நாட்டுப்புறப் பிரிவை அங்கே வைத்திருந்தார்கள். அதன் குமாஸ்தா ஷரஃபுதீன் ஆபீஸ் கூடத்தில் ஒரு மரப்படகுக்குள் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். ஏரிக்குள் நியமிக்கப்பட்டவர் வேலை நேரத்தில் படகை விட்டு இறங்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி.

“வாம்மா. கொஞ்சம் ஓரமா வா. நீ நிக்கிற எடம் பன்னெண்டு அடி ஆழம்” என்றார்.

தேசம்மா தன்னையறியாமல் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள்.

அவர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். விரலை விட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

“எந்தப் பக்கமா வந்தே?”

“ஆழ்வார்பேட்டைப் பக்கமா சாமி.”

“அங்கே மழையா?”

“ஊத்திக்கினு கீது.”

“குடத்துக்கு மூடி?”

“இல்லீங்களே.”

“அரே, போச்சு! இதுல ஆழ்வார்பேட்டை மழை கலந்துபோச்சு. அது பட்டணத்து மழை. நான் தொடக்கூடாது. தொட்டா பஞ்சாட்சரம் சண்டைக்கு வருவார்.” அவர் நல்ல மனிதர். நாக்கில் வைத்துவிட்டதற்காகத் துப்பக்கூடச் செய்தார்.

“மேக்கால மழை பேஞ்சுதா இல்லியான்னாவது சொல்லு சாமி. இன்னும் தண்ணி ஏறுமா?”

“அது தபால்ல வரணும். செம்பரம்பாக்கத்துல ஒருத்தன், ஆதனூர்ல ஒருத்தன், தினம் அளந்து எழுதிப் போடறானுங்க. மூணு நாளா கடுதாசி இல்லே. ரோட்டுல வெள்ளமாம், தபால் வண்டி நின்னுபோச்சு.”

“அப்போ வெள்ளம் கீதுன்னு தெரியுதே சாமி!”

“தபால்காரன் சொன்னா அது ஊர்ப்பேச்சும்மா. வெள்ளம் வந்தா தபால் வராது. தபால் வராட்டி வெள்ளம் வந்தது எங்களுக்குத் தெரியாது. ரொம்ப வருஷமா ஒரு குறையுமில்லாம இப்படித்தான் நடந்துக்கினு வருது.” துடுப்பை எடுத்து அவள் குடத்தை மெதுவாக வாசல் பக்கம் தள்ளிவிட்டார். “தண்ணி ஈக்காட்டுத்தாங்கல் தாண்டற வரைக்கும் என்னுது. தாண்டினா அவருது. ரெண்டும் கலந்து கெடந்தா ராவ் பகதூர்தான் வந்து பிரிக்கணும். சொல்லி அனுப்பறேன், போ.”

அப்படித்தான் மறுநாள் பகலில் ராவ் பகதூர் ரகுபதி மோட்டாரில் வந்து மேட்டில் நின்றார். ஒரு பக்கம் பஞ்சாட்சரம், இன்னொரு பக்கம் ஷரஃபுதீன். தரையில் நிற்பது ஷரஃபுதீனுக்குப் பழக்கமில்லாததால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தேசம்மாவின் முழங்காலைத் தொட்டிருந்தது. சுவரின் கீழ்ப்பகுதி வெளுத்து உப்பியிருந்தது. அவள் உள்ளங்கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், மாட்டைத் தடவிக்கொடுப்பது போல.

அப்போதுதான் அந்தக் கேள்வி பிறந்தது. தேசம்மாவுக்குத் தெரியாததால் இரண்டு பிரிவுகளும் பதில் சொல்ல முன்வந்தன.

“செம்மண் கலர், பாருங்கோ. அசல் நாட்டுப்புறம்” என்றார் பஞ்சாட்சரம்.

“மேலே சாக்கடை நுரை மிதக்குதே சாப். அசல் பட்டணம்” என்றார் ஷரஃபுதீன்.

“நுரை மேலாக மிதக்கிறது. அடியில் என்ன இருக்கு?” என்று கேட்டார் ராவ் பகதூர்.

“அடியில என் அடுப்பு கீது” என்றாள் தேசம்மா. அது யார் காதிலும் விழவில்லை.

இந்த விவாதத்தின் நடுவே பக்கத்து அந்தோணியம்மாள் வீட்டுச் சுவர் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டுத் தண்ணீரில் சரிந்தது. கூரை ஒரு பக்கமாகத் தொங்கியது. அந்தோணியம்மாள் “ஏசுவே!” என்று தலையில் கைவைத்தாள். பஞ்சாட்சரமும் ஷரஃபுதீனும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். விழுந்த சுவர் யாருடைய பிரிவிலும் சேர்ந்துவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதை.

தேசம்மா தண்ணீரை விட்டு மேட்டுக்கு வந்து ராவ் பகதூரின் முன்னால் கைகூப்பினாள். “எசமான், எந்தத் தண்ணியா இருந்தா இன்னா, கடலுக்குப் போவட்டும். வாயை மட்டும் வெட்டிக்கிறோம். அடுத்தது என் சொவருதான்.”

ராவ் பகதூர் கோபக்காரர் அல்ல. பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

“பாரும்மா, வைத்தியர் நோயாளி வாயில் தெர்மாமீட்டர் வச்சிருக்கார். அந்த நேரத்தில் யாராவது மருந்து கொடுப்பாளா? கொடுத்தால் ஜுரம் இறங்கிவிடும். அப்புறம் அவனுக்கு எவ்வளவு ஜுரம் ஏறியிருக்கும்னு லோகத்தில் ஒருத்தருக்கும் தெரியாமல் போய்விடும். எங்கள் இலாகா ஆரம்பித்ததிலிருந்து ஒரு வெள்ளத்தைக்கூட நாங்கள் தொந்தரவு செய்ததில்லை. மழை பெய்யட்டும், நதி ஏறட்டும், வீடு விழட்டும். எங்கள் கை சுத்தம். அந்தக் கம்பத்தைப் பார். சுத்தி இத்தனை நடக்கிறது, இம்மியாவது அசைந்ததா? உத்தியோகஸ்தன் என்றால் அப்படி இருக்கணும்.”

எல்லோரும் கம்பத்தைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. அபாயம் இல்லை என்று திருப்தி அடைந்து மூவரும் மோட்டாரில் ஏறினார்கள். மோட்டார் சேற்றில் மாட்டிக்கொண்டது. குப்பத்து ஆண்கள் வந்து தள்ளிவிட்டார்கள். மண்வெட்டி இல்லாமல் வந்ததால் கான்ஸ்டேபிள் தடுக்கவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த தேசம்மாவுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தோணியம்மாளிடம் போய்க் கேட்டாள்.

“அக்கா, போலீசுக்காரன் ஆம்பளைங்களத்தானே பாக்கறான்? மண்வெட்டியத்தானே பாக்கறான்?”

அந்தோணியம்மாள் விழுந்த சுவர் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். “மீன் கூடைய எவன்டி பாப்பான்? நாறும்னு மூஞ்சியத் திருப்பிக்குவான்” என்றாள்.

மறுநாள் விடியற்கருக்கலில் கடல் வற்றத் தொடங்கியபோது, தினமும் போவது போலக் குப்பத்துப் பெண்கள் கூடையோடு மணல் திட்டின் மேல் நடந்தார்கள். கான்ஸ்டேபிள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். கூடைகளில் தட்டும் சட்டியும் சிரட்டையும் இருந்தன. படகுகளின் மறைவில் உட்கார்ந்து, கோழி கிளறுவது போலக் கிளறினார்கள். வாரின மணலைக் கூடையில் போட்டுத் தலையில் சுமந்துபோய் அப்பால் கொட்டினார்கள். கூடை தலையில் இருக்கும் வரை அது மீன்தான். தேசம்மாவின் நகம் இரண்டு பெயர்ந்தது. கடைசியில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் கசிந்து, தயங்கி, பிறகு தயக்கத்தை விட்டது. பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று.

எட்டு மணிக்கு அம்மாசி கம்பத்தைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். பிறகு தேசம்மாவின் கைகளைப் பார்த்தான்.

“இன்னாம்மே இது, தண்ணி எறங்கிபோச்சு?”

“அத்தைத் தண்ணியக் கேளு. என்னைக் கேட்டா?” என்றாள் தேசம்மா.

அவனுக்குப் பெண்ஜாதி பிள்ளைகள் உண்டு. ஆறு தானாகவே இறங்கிவிட்டது என்று ஆபீசில் போய்ச் சொன்னான். தேசம்மாவின் சுவர் ஒரு பக்கம் சாய்ந்து, ஆனாலும் நின்றது. அவள் முட்டுக்கொடுத்து வெயிலில் உலரவிட்டாள்.

ஆறு தானாக இறங்கியதை இலாகா ஒரு மாதம் ஆராய்ந்தது. கார்த்திகை நடுவில் குப்பத்தில் பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, நாதஸ்வரம் வைத்து, அளவுக் கம்பத்துக்கு ஆளுயர மாலை சாத்தினார்கள். குப்பத்துச் சனங்களைத் தரையில் உட்கார வைத்தார்கள். பந்தலுக்குப் பின்னால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருங்கல் ஏற்றிக்கொண்டு கிழக்கே போயின.

ராவ் பகதூர் எழுந்தார்.

“கனவான்களே! இந்த ஐப்பசியில் அடையாறு பெருகி வந்தது. பட்டணத்து மழையால் அல்ல. பட்டணத்தில் மழை பூஜ்யம். நாட்டுப்புறத்து மழையாலும் அல்ல; தபால் வரவில்லை. மழையே இல்லாமல் பெருகிய நதி, அபாயக் கோட்டைத் தொடாமலே திரும்பிவிட்டது. ஏன்? கோட்டைக் கண்டது. கம்பத்தைக் கண்டது. தன்னை ஒரு இலாகா கவனிக்கிறது என்று தெரிந்துகொண்டது. தெரிந்த பிறகு எந்த நதிக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும் அல்லவா?”

பஞ்சாட்சரம் கைதட்டினார். ஷரஃபுதீன் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்ததால் தலையை ஆட்டினார்.

“ஒரு கம்பத்துக்கே இவ்வளவு பலன் என்றால் இன்னொன்று நட்டால் என்ன ஆகும்? ஆகவே இரண்டாவது கம்பத்தை மணல் திட்டின் மேலேயே நடப்போகிறோம். மணல் நகர்ந்தால் கம்பம் சாயும். ஆகவே திட்டு முழுவதையும் கருங்கல் போட்டுக் கட்டி, நதி எக்காலத்திலும் கலைக்க முடியாதபடி செய்துவிடுவோம். மனுஷர், மீன் கூடை, ஒன்றும் நுழையாமல் சுற்றி முள்வேலி. வேலை இன்று சாயங்காலமே ஆரம்பம்!”

நாதஸ்வரக்காரர் இதுதான் முடிவு என்று நினைத்து வாசிக்கத் தொடங்கி, நிறுத்தப்பட்டார். தரையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தோணியம்மாள் மட்டும் மெதுவாக, “இனிமே கடலும் ஆறும் கடுதாசி போட்டுக்கணும்” என்றாள்.

“வெள்ளம் வந்ததாக முதலில் நினைத்துப் பயந்தவள் இந்தக் குப்பத்து ஸ்திரீ ஒருத்தி. இலாகா தன்னைக் காப்பாற்றியதைப் பற்றி அவளே இரண்டு வார்த்தை சொல்வாள். எழுந்திரும்மா, தேசம்மா. பயப்படாதே.”

தேசம்மா எழுந்தாள். பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் உண்மையைச் சொன்னால் கான்ஸ்டேபிள் நாலடி தூரத்தில் இருந்தார். சொல்லாவிட்டால் கருங்கல் அதைவிடக் கிட்டே இருந்தது. அவள் ராவ் பகதூரைப் பார்த்தாள், மாலை போட்ட கம்பத்தைப் பார்த்தாள், வெளியே இன்னொரு வண்டி போவதைப் பார்த்தாள். அடுத்த வருஷம் தன் வீட்டில் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்று கணக்குப் பார்த்தாள். அது இறங்கவே வழியில்லை.

“நன்றி அதிகமானால் பேச்சு வராது” என்று ராவ் பகதூர் சபைக்கு விளக்கினார். “எத்தனை நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளம்மா.”

தேசம்மா மேடைக்குப் போகவில்லை. கிழக்குப் பக்கத்துத் தட்டியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டிச் சக்கரங்கள் பதிந்த தடத்தின் மேலேயே, திட்டில் முதல் கல் இறங்குவதற்குள் போய்ச் சேர, முகத்துவாரத்தைப் பார்த்து நடந்துபோனாள்.